நான் மாற்றி எழுதிய மூன்று ரீடிங்

எங்கள் காலத்துக் கல்லூரி லேப்களில் ஒரு பரிசோதனையை இரண்டு விதமாகச் செய்யலாம். ஒன்று, மீட்டரைப் பார்த்து ரீடிங் எடுத்து, அந்த ரீடிங்கை வைத்து கிராஃப் போடுவது. இதை யாரும் செய்து நான் பார்த்ததில்லை. இன்னொன்று, சீனியரின் ரெக்கார்டைப் பார்த்து கிராஃபை முதலில் போட்டுவிட்டு, அந்தக் கோட்டின்மேல் எந்தெந்தப் புள்ளி விழவேண்டுமோ அதற்குத் தக்க ரீடிங்கைப் பின்னால் எழுதிக்கொள்வது. இதற்கு ‘குக் பண்றது’ என்று பெயர். எண்பதுகளில், தொண்ணூறுகளில் தமிழ்நாட்டில் இஞ்சினியரிங் படித்த யாரையாவது நிறுத்திக் கேளுங்கள். முதலில் ‘சேச்சே’ என்பார்கள். அப்புறம் சிரிப்பார்கள்.

இதிலும் கெட்டிக்காரர்கள் உண்டு. அவர்கள் எல்லாப் புள்ளியையும் கோட்டின்மேல் கொண்டுபோய் வைக்க மாட்டார்கள். இரண்டே இரண்டைக் கொஞ்சம் தள்ளி வைப்பார்கள், நிஜம்போல இருக்கட்டும் என்று. நான் அந்த ரகம். எங்கள் பேட்ச் ரெக்கார்டைப் பார்த்து எந்த ஆசிரியரும் ஒரு கேள்வி கேட்டதில்லை.

இந்தத் திறமையைப் பெட்டியில் மடித்து வைத்துக்கொண்டுதான் தொண்ணூற்றாறில் கலிஃபோர்னியா வந்து இறங்கினேன். குபெர்டினோவில் ஒரு பெட்ரூம் அபார்ட்மெண்ட். கணவருக்கு சாஃப்ட்வேர் வேலை. நான் எலக்ட்ரானிக்ஸில் பி.இ., முதல் வகுப்பு. ஆனால் பாஸ்போர்ட்டில் குத்தியிருந்த விசாவின் பெயர் எச்-4. எச்-1 விசாவில் வேலை பார்க்கிறவரின் மனைவி என்று அதற்கு அர்த்தம். சாப்பிடலாம், தூங்கலாம், ஊர் சுற்றிப் பார்க்கலாம். வேலை மட்டும் செய்யக் கூடாது.

அந்த அபார்ட்மெண்டின் நீச்சல் குளத்தைச் சுற்றிச் சாயங்காலம் நடக்கிற நம்மூர்ப் பெண்கள் ஆறு பேர். ஐந்து பேர் பி.இ., ஒருத்தி எம்.டெக். மொத்தம் இருபத்தாறு வருஷ இஞ்சினியரிங் படிப்பு அந்தக் குளத்தைச் சுற்றி வந்துகொண்டிருந்தது. நாங்கள் தீவிரமாக அலசியது எந்தக் கடையில் முருங்கைக்காய் முற்றாமல் கிடைக்கும் என்பதை. அதையும் நன்றாகத்தான் அலசினோம், படித்தவர்கள் இல்லையா.

இரண்டு வருஷம் இப்படிப் போயிற்று. கார் ஓட்டக் கற்றுக்கொண்டேன். நூலகத்துப் புத்தகங்களில் என் பாடம் சம்பந்தப்பட்டதை எல்லாம் மறுபடி படித்தேன். கணவரின் நண்பர்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். எல்லா யோசனையும் ஒன்றுதான்.

“ஏதாச்சும் ஒரு கோர்ஸ் பண்ணி சாஃப்ட்வேர் உள்ள வந்துருங்க. லேடீஸுக்கு அதான் சேஃப். உக்காந்த எடத்துல வேல.”

எனக்கு இதைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். நான் படித்தது எலக்ட்ரானிக்ஸ். உட்கார்ந்த இடத்திலேயே நாலு வருஷம் படித்தாயிற்று, இனி நின்று வேலை பார்க்கிறேனே என்று நினைத்துக்கொள்வேன். சொல்ல மாட்டேன். “ஆமாங்க, பாக்கணும்” என்று சொல்லிவிட்டுக் காப்பி கலக்கப் போய்விடுவேன்.

உட்கார்ந்த இடத்திலேயே படித்த கதையைச் சொல்லிவிடுகிறேன். நான் தாராபுரத்துப் பக்கம். பன்னிரண்டாவது வரை தமிழில் படித்தவள். எங்கள் ஊரிலிருந்து இஞ்சினியரிங் போன முதல் பெண் நான்தான். உடனே மாலை போட்டு பஸ் ஏற்றிவிட்டார்கள் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். பெரியப்பா ஒரு வாரம் எங்கள் வீட்டில் பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. அப்பா பிடிவாதமாக நின்று கோயம்புத்தூரில் கொண்டுபோய்ச் சேர்த்தார். சேர்த்துவிட்டு ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

“ஆறு மணிக்கு மேல ஹாஸ்டல விட்டு வெளிய நிக்கக் கூடாது சாமி. நாளைக்கு ஒருத்தன் ஒரு வார்த்தை சொல்லீட்டான்னா, உனக்குப் பின்னால எந்தப் புள்ளையையும் அனுப்ப மாட்டாங்க.”

அவர் சொல்லியிருக்கவே தேவையில்லை. பெண்கள் ஹாஸ்டல் கேட்டை ஆறு மணிக்குப் பூட்டிவிடுவார்கள். பையன்கள் ஹாஸ்டலுக்குக் கேட்டே கிடையாது. லேப் இரவு எட்டரை வரை திறந்திருக்கும். பகலில் இருபது பேர் ஓர் ஆஸிலோஸ்கோப்பைச் சுற்றி நிற்போம். அலை வடிவத்தைக் காட்டுகிற அந்தப் பெட்டியின் குமிழை ஒருவன் திருகுவான், மற்றவர்கள் அவன் தோளுக்கு மேலே எட்டிப் பார்ப்பார்கள். ஆறு மணிக்கு மேல்தான் ஆளுக்கொன்று கிடைக்கும். அந்த நேரத்தில் நாங்கள் ஏழு பெண்கள் பூட்டிய கேட்டுக்குள்ளே இட்லிக்காகத் தட்டோடு வரிசையில் நின்றுகொண்டிருப்போம்.

நாலு பேர் கொண்ட பேட்ச்சில் நான் ஒருத்தி பெண். வயரைத் தொடுவது அவர்கள், எழுதுவது நான். என் கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும் என்று காரணம் சொன்னார்கள். நல்ல பையன்கள்தான். எனக்கு ஷாக் அடித்துவிடும் என்று நிஜமாகவே பயந்தார்கள். தேர்வில் வெளியிலிருந்து வந்த பரிசோதகர்கூட என்னிடம் தியரி மட்டும் கேட்பார். நாலு வருஷம் கழித்து ஈயம் உருக்கிப் பற்றவைக்கிற ஒரு சால்டரிங் அயர்னைக்கூடத் தொடாமல் எலக்ட்ரானிக்ஸ் இஞ்சினியராக வெளியே வந்தேன்.

தொண்ணூற்றெட்டில் எனக்கு வேலை கிடைத்தது. சின்ன கம்பெனி, ஐம்பது அறுபது பேர்தான் இருப்பார்கள். பவர் சப்ளை போர்டுகள் செய்தார்கள். என்ன கரண்ட் உள்ளே வந்தாலும் வெளியே ஒழுங்காக ஐந்து வோல்ட் கொடுக்க வேண்டிய போர்டு. இண்டர்வியூவில் மானேஜர் ஒரு சர்க்யூட்டைச் சுவரில் இருந்த வெள்ளைப் பலகையில் வரைந்து, இது என்ன செய்யும் என்று கேட்டார். பேப்பரில் நான் புலி. அவர் கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டு, அவர் வரைந்ததில் ஒரு தப்பு இருப்பதையும் சொன்னேன். அவருக்குச் சந்தோஷம். டெஸ்ட் இஞ்சினியர் வேலையும் அதற்கான எச்-1 விசாவும் கொடுத்தார்கள். குளத்தைச் சுற்றுகிற கோஷ்டிக்கு நான் கேசரி செய்துகொண்டு போய்க் கொடுத்தேன். எம்.டெக்.காரி அழுதேவிட்டாள்.

ஊருக்கு போன் பண்ணிச் சொன்னேன். அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. கூடவே கவலையும்.

“கரண்டுல வேலையா? ஷாக்கு கீக்கு அடிச்சறப் போகுது கண்ணு. ஆம்பள ஆளுக யாராச்சும் பக்கத்துல இருப்பாங்களா?”

“இருப்பாங்கப்பா” என்றேன்.

இருந்தது ஒரு பெண். என் டெக்னீஷியன் வியட்நாமிலிருந்து சின்ன வயதில் படகேறி வந்தவள். என் வயதுதான். பள்ளிக்கூடத்தை முடிக்கவில்லை. ஆனால் அவள் சால்டர் பண்ணுவதைப் பார்க்க மற்ற டிபார்ட்மெண்ட் ஆட்களே வருவார்கள். முதல் நாள் நான் சால்டரிங் அயர்னைப் பிடித்ததைப் பார்த்துவிட்டு, சாமிக்கு ஊதுபத்தி காட்டப் போகிறாயா என்று கேட்டாள். அவர்கள் வீட்டிலும் ஊதுபத்தி உண்டு. அவள் ஆங்கிலம் எனக்குப் புரிய ஒரு வாரம் ஆயிற்று, என்னுடையது அவளுக்குப் புரிய இரண்டு வாரம் ஆயிற்று. அதற்கப்புறம் நாங்கள் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தோம்.

அவளைப் பார்த்துப் பார்த்து ஒருவழியாகக் கருவிகளைக் கையாளக் கற்றுக்கொண்டேன். வெளியே பார்க்கிறவர்களுக்கு நான் தேறிவிட்ட மாதிரிதான் இருந்திருக்கும். உள்ளே மட்டும் ஒரு பயம் போகவே இல்லை. எது ஓடாமல் நின்றாலும், எந்த முள் அசையாவிட்டாலும், ஐயோ நான்தான் ஏதோ தப்பாக மாட்டிவிட்டேன் என்றுதான் முதலில் தோன்றும்.

வேலைக்குச் சேர்ந்து எட்டாவது மாதம் ஒரு புது போர்டு என்னிடம் டெஸ்டுக்கு வந்தது. டெக்சாஸில் தெருவோரமாக நிற்கிற டெலிபோன் பெட்டிகளுக்குள் வைப்பதற்கான போர்டு. அந்த ஊர் வெயிலில் பெட்டிக்குள் கை வைக்க முடியாது. அதனால் பன்னிரண்டு போர்டுகளையும் ஓவனில் வைத்துச் சூடேற்றி, நாலு விதமான சூட்டில், ஒவ்வொரு சூட்டிலும் ஐந்து விதமான லோடு கொடுத்து, அதாவது குறைவாகவும் கூடுதலாகவும் கரண்டை இழுத்து, ஐந்து வோல்ட் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். மொத்தம் இருநூற்று நாற்பது ரீடிங். டெக்னீஷியன் அந்த வாரம் வேறொரு வேலையில் மாட்டிக்கொண்டதால் நான் தனியாகவே எடுத்தேன்.

எல்லாம் ஒழுங்காகப் போயிற்று. நாலு புள்ளி ஒன்பது எட்டு, நாலு புள்ளி ஒன்பது ஏழு என்று சமர்த்தாக வந்துகொண்டிருந்தது. மூன்றாம் நம்பர் போர்டில், ஐம்பத்தைந்து டிகிரி சூட்டில், முழு லோடு வைத்தபோது மீட்டர் நாலு புள்ளி ஐந்து எட்டு என்றது.

போர்டில் கோளாறு என்று ஒரு நிமிஷம்கூட நினைக்கவில்லை. எந்த வயரை நான் லூஸாக மாட்டினேன் என்றுதான் தேடினேன். ஓவனைத் திறந்து எல்லாவற்றையும் கழற்றி மாட்டினேன். திறந்ததில் சூடு இறங்கி, நாலு புள்ளி எட்டு வந்தது. பார்த்தாயா, லூஸ் கனெக்‌ஷன்தான் என்று முடிவுகட்டினேன். மறுபடி சூடேற்றப் பொறுமையில்லை. வரவேண்டியது என்ன என்று எனக்குத்தான் தெரியுமே. நாலு புள்ளி ஒன்பது ஆறு என்று எழுதினேன்.

ஏழாம் நம்பரில் அதே இடத்தில் அதே மாதிரி விழுந்தது. பதினொன்றாம் நம்பரிலும் விழுந்தது. ஒரே கை, அதனால் ஒரே தப்பைத் திரும்பத் திரும்பச் செய்கிறது என்று நினைத்தேன். ஒன்றில் நாலு புள்ளி ஒன்பது ஆறு, இன்னொன்றில் நாலு புள்ளி ஒன்பது ஐந்து. நிஜம்போல இருக்கட்டும் என்று கொஞ்சம் தள்ளி வைத்தேன். பழக்க தோஷம்.

செவ்வாய்க்கிழமை ரிப்போர்ட்டைக் கொடுத்தேன். புதன்கிழமை காலை மானேஜர் என் இடத்துக்கே வந்தார். சைக்கிளில் ஆபீஸ் வருகிற மனிதர். ஹெல்மெட் அழுத்திய தடம் மத்தியானம் வரை தலைமுடியில் இருக்கும். இவ்வளவு சுத்தமான டேட்டாவை இந்தக் கம்பெனியில் பார்த்ததில்லை என்றார். வெள்ளிக்கிழமை இந்த போர்டுக்குக் கையெழுத்துப் போட்டு உற்பத்திக்கு அனுப்பிவிடப் போவதாகவும் சொன்னார்.

பாராட்டைக் கேட்டு எனக்குத் தலைகால் புரியவில்லை. பத்து நிமிஷம். அப்புறம் அந்த மூன்று ரீடிங்கும் ஞாபகத்துக்கு வந்தன. மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போனதும் மூன்றாம் நம்பர் போர்டை எடுத்து மாட்டினேன். ஒவ்வொரு வயரையும் இழுத்துப் பார்த்தேன். ஓவனை மூடி, ஐம்பத்தைந்து டிகிரிக்குக் கொண்டுபோய், முழு லோடு கொடுத்தேன். நாலு புள்ளி ஐந்து எட்டு. அணைத்துவிட்டு முதலிலிருந்து எல்லாவற்றையும் மாட்டினேன். நாலு புள்ளி ஐந்து எட்டு. என் எலுமிச்சைச் சாதம் டப்பாவிலேயே கிடந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் கணவர் வீட்டுக்கு வந்து ஷூவைக்கூடக் கழற்றவில்லை, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் ஈரோட்டுக்காரர். முதலில் விழுந்து விழுந்து சிரித்தார்.

“இதுக்கா மூஞ்சிய இப்படி வெச்சிருக்கற? நாங்க பண்ணாததா? ஃபைனல் இயர்ல நான் லேப்புக்கே போகாம ரீடிங் எழுதி முழு மார்க் வாங்கியிருக்கறேன், தெரியுமா?”

“இது மார்க் இல்லீங்க. போர்டு போய் டெக்சாஸ் வெயில்ல நிக்கப் போகுது.”

சிரிப்பு நின்றது. அவர் யோசித்தார். யோசிக்கும்போது அவர் காரச் சேவு டப்பாவைத் திறப்பார், அன்றும் திறந்தார்.

“சரி, இப்படிப் பண்ணு. ஒண்ணும் சொல்லாத. இன்னொரு தடவ டெஸ்ட் பண்ணிப் பாத்தேன், இப்பத்தான் இப்படி வருதுன்னு சொல்லிரு. போர்டும் நின்னுரும், உன் பேரும் கெடாது.”

நல்ல யோசனைதான். பொய் என்றுகூடச் சொல்ல முடியாது, பாதி நிஜம். ஆனாலும் கேட்டேன், “எதுக்கு மொதல்ல வரலேன்னு கேப்பாங்களே?”

“அதுக்கும் ஒண்ணச் சொல்லு. நீ நேராப் போயி நாந்தான் மாத்துனேன்னு சொன்னா, அன்னைக்கே அனுப்பிச்சிருவாங்க. இங்கெல்லாம் டேட்டாவ மாத்தறது பெரிய விஷயம். வேலை போனா எச்-1 போச்சு. ஊருக்கெல்லாம் போக வேண்டாம், ஆனா மறுபடியும் எச்-4தான். பாத்துக்க.”

எச்-4 என்று அவர் சொன்னதும் எனக்கு அந்த நீச்சல் குளத்து நீல நிறம் கண்முன் வந்தது. அந்தப் பெண்களை நான் குறைவாகச் சொல்லவில்லை. ஆனால் அதற்குள் திரும்பிப் போக என்னால் முடியாது. எட்டு மாதமாகக் காலையில் கார் சாவியை எடுக்கும்போது எனக்கு வருகிற சந்தோஷம் அவருக்குத் தெரியாது. பிறந்ததிலிருந்தே எங்கே வேண்டுமானாலும் போய் வருகிறவர்களுக்கு அது புரியாது. இதைச் சொன்னேன், சண்டை வந்தது. எதற்குச் சண்டை என்று எங்கள் இருவருக்குமே சரியாகத் தெரியவில்லை. குழம்பு அடிப்பிடித்தது.

காலையில் ஆபீஸுக்குப் போகும்வரை நான் அவர் சொன்ன மாதிரி சொல்வதாகத்தான் இருந்தேன். வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன். மானேஜர் அறைக்குள் போய், “மறுபடி டெஸ்ட் பண்ணிப் பார்த்தேன்” என்று ஆரம்பித்தேன். அவர் உடனே பேனாவை எடுத்து, “எந்த போர்டு?” என்று கேட்டு எழுதிக்கொள்ளத் தயாரானார். நான் சொன்னால் அப்படியே நம்பி எழுதிக்கொள்வார் என்பது அப்போது தெரிந்தது. அடுத்த பொய் வாயிலிருந்து வரவில்லை.

“முதலிலேயே இப்படித்தான் வந்தது. நான் மாற்றி எழுதினேன்” என்றேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

“எத்தனை?”

“மூன்று.”

“இருநூற்று நாற்பதில் மூன்று. எந்த மூன்றை மாற்றுவது என்று எப்படித் தேர்ந்தெடுத்தாய்?”

“தப்பாகத் தெரிந்ததை.”

“அப்படியென்றால் நான் தேடிக்கொண்டிருந்த மூன்றையும் எடுத்து ஒளித்துவிட்டு, மீதியை என்னிடம் கொடுத்திருக்கிறாய்.”

அவர் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் தேவலை என்று இருந்தது. ஏன் என்று கேட்டார். கல்லூரியில் எல்லோரும் குக் பண்ணுவார்கள் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அது உண்மை, ஆனால் காரணம் அதில்லை. எனக்கே அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோதுதான் அது புரிந்தது.

இரண்டாம் வருஷம் ஒருமுறை என் பேட்ச் பையன்கள் மூன்று பேரும் கிரிக்கெட் மேட்ச்சுக்குப் போய்விட்டார்கள். நான் தனியாக ஓர் ஆம்ப்ளிஃபயரை மாட்டினேன். மீட்டர் முள் அசையவில்லை. லேப் உதவியாளர் வந்து என்னை நகரச் சொல்லிவிட்டு, பொம்பளப் புள்ளைக மாட்டுனா இப்படித்தான் என்று எல்லாவற்றையும் பிடுங்கினார். பிடுங்கி, புதிதாக மாட்டி, அதுவும் ஓடாமல், கடைசியில் மீட்டரின் ஃபியூஸ் போயிருந்தது என்று கண்டுபிடித்தார். என் கனெக்‌ஷன் சரியாகத்தான் இருந்தது என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அதற்கப்புறம் நான் எதையும் மாட்டவும் இல்லை.

இதை அப்படியே அவரிடம் என் ஆங்கிலத்தில் சொன்னேன். போர்டு தப்பு என்று எனக்குத் தோன்றவே இல்லை, என் கைதான் தப்பு என்று நினைத்தேன் என்றேன். அவர் பரிதாபப்பட்ட மாதிரி எல்லாம் தெரியவில்லை. எழுந்து நின்றார்.

“ஓவனைச் சூடேற்று. டிசைன் செய்தவரைக் கூப்பிடுகிறேன். மூன்று போர்டையும் எங்கள் கண்முன்னால் ஓட்டிக் காட்டு.”

“என் வேலை?”

“முதலில் போர்டு.”

ஓவன் ஐம்பத்தைந்து டிகிரிக்கு வர நாற்பது நிமிஷம் ஆகும். அந்த நாற்பது நிமிஷம் போல நீளமான ஒன்றை நான் அதற்கு முன்னாலும் பார்த்ததில்லை, பிரசவ வார்டிலும் பின்னால் பார்த்ததில்லை. டெக்னீஷியனிடம் நடந்ததைச் சொன்னேன். முட்டாள் என்று வியட்நாமிய மொழியில் திட்டினாள் என்று நினைக்கிறேன். பிறகு ஓர் ஆரஞ்சை உரித்துப் பாதியை என் கையில் வைத்து, சாப்பிடு என்றாள். நான் மாட்டிய வயர்களை ஒருமுறை சரிபார்க்கிறாயா என்று அவளிடம் கேட்டேன். அவள் பார்க்க மறுத்துவிட்டாள்.

“நீதானே மாட்டினாய்? நீயே பார்.”

பார்த்தேன். நாலு முறை பார்த்தேன். நாலாவது முறை பார்க்கும்போது எனக்குள் என்னவோ நிதானமாயிற்று. சிவப்பு இங்கே, கறுப்பு இங்கே, லோடு இங்கே. ஒன்றும் லூஸில்லை. ஒரு குழந்தையைக் கேட்டாலும் சரியென்றுதான் சொல்லும்.

டிசைன் செய்தவர் சென்னைக்காரர். பெரிய கல்லூரியில் படித்தவர், கெட்டிக்காரர், மரியாதை தெரிந்தவர். மானேஜரோடு லேப்புக்குள் வந்தார். மூன்றாம் நம்பர் போர்டில் லோடை ஏற்றிக்கொண்டே போனேன். முழு லோடு வந்ததும் மீட்டர் நாலு புள்ளி ஐந்து எட்டுக்கு இறங்கி நின்றது. சென்னைக்காரர் குனிந்து என்னிடம் மட்டும் கேட்கும்படி தமிழில் சொன்னார். என்னைக் காப்பாற்றுகிற எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார்.

“கனெக்‌ஷன்லாம் கரெக்டா பாத்தீங்களா? ஹீட்ல லூஸ் ஆயிருக்கும். குடுங்க, நான் ஒருதடவ வெச்சுப் பாக்கறேன்.”

சொல்லிக்கொண்டே என் கையிலிருந்த ப்ரோபை, மீட்டரோடு சேர்ந்த அந்தத் தொடுமுனையை, வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினார். எனக்கு வந்த கோபத்தை என்னவென்று சொல்வது. அவர்மேல் இல்லை, பாவம் அவர் என்ன செய்வார். கல்லூரியில் நாலு வருஷம் சிரித்த முகத்தோடு கொடுத்துக் கொடுத்துப் பழகிய என் கைமேல் கோபம். அந்தக் கை அன்றைக்கும் கொடுக்கத்தான் பார்த்தது; பாதி நீண்டுவிட்டது. இழுத்துக்கொண்டேன்.

“இல்லீங்க. கனெக்‌ஷன் சரியாத்தானுங்க இருக்குது. நாலு தடவ பாத்துட்டேன். போர்டுதான் தப்பு.”

குரல் நடுங்கியது. தமிழ் புரியாத மானேஜர் எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தார். நான் அதையே ஆங்கிலத்திலும் சொன்னேன். இரண்டாவது தடவை சொல்லும்போது அவ்வளவு நடுங்கவில்லை.

சென்னைக்காரர் கையை எடுத்துக்கொண்டார். மீட்டரையே கொஞ்ச நேரம் பார்த்தார். அவர் முகம் மாறுவது தெரிந்தது. சூட்டில் சோர்ந்துபோகிற ஒரு பாகத்தின் நம்பரை அவர் முணுமுணுத்தார். நானும் அதைத்தான் முந்தின நாளிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தேன்.

மானேஜர் என் பக்கம் திரும்பினார்.

“வெள்ளிக்கிழமை போர்டு போகாது. உன் ஃபைலில் ஒரு கடிதம் போகும், அது நன்றாக இருக்காது. ஆறு மாதம் உன் ஒவ்வொரு ஷீட்டிலும் இவள் கையெழுத்து வேண்டும்” என்று டெக்னீஷியனைக் காட்டினார். “வேலை இருக்கிறது. இன்னொரு முறை இப்படி நடந்தால் இருக்காது.”

தலையாட்டினேன். நன்றி சொன்னேனா என்று ஞாபகமில்லை. அவர் போய்விட்டார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் ஒரு கையில் ப்ரோப், மறு கை லோடு குமிழில், துடைத்துக்கொள்ள மூன்றாவது கை கிடையாது. அதனால் அழவில்லை. இன்னும் இரண்டு போர்டு பாக்கியிருந்தது. ஏழாம் நம்பரை மாட்டி, ஓவன் கதவை மூடி, சூடு ஏறும்வரை காத்திருந்தோம். ரீடிங் ஷீட்டும் பென்சிலும் மேஜையில் கிடந்தன. சென்னைக்காரர் சும்மா நின்றுகொண்டிருந்தார்.

“நான் ரீடிங் சொல்றேன், நீங்க எழுதிக்கறீங்களா?” என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பென்சிலை எடுத்துக்கொண்டார்.

“ஏழாம் நம்பர். ஐம்பத்தஞ்சு டிகிரி. ஃபுல் லோடு” என்றேன். “நாலு புள்ளி ஆறு ஒண்ணு.”

எழுதினார்.